மூன்று இதயங்களும் ஒரு கடவுக்கதவும்

பெருங்களத்தூர் மேம்பாலத்தில் நேற்று மாலை நடந்தபோது, கீழே வந்து நின்ற மின்தொடர்வண்டியிலிருந்து எழுந்த சூடேறிய இரும்பின் மணம் என்னை ஐம்பதாண்டுகள் பின்னே இழுத்தது. பாலம் இல்லாத அந்நாளில் அங்கே ஓர் இருப்புப்பாதைக் கடவு இருந்தது. மணி ஒலித்துக் கதவு தாழ்ந்ததும், பள்ளி விட்டுத் திரும்பும் நானும் தோல்வணிகர் மகன் சலீமும் பைகளைக் கீழே வைத்துவிட்டுச் செய்திச் சங்கிலி கோப்போம்; ஒருவன் சொல்லும் செய்தியோடு பொருந்தும் இன்னொன்றை மற்றவன் சொல்லவேண்டும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஏழே எலும்புகள் என்பான் அவன். வானவில்லிலும் ஏழே நிறங்கள் என்பேன் நான். நம் கண்ணுக்குப் புலனாகா நிறத்தையும் தேனீ காணும் என்பான். கதவு எழுமுன் இணைக்கத் தவறியவன் இரு பைகளையும் சுமக்கவேண்டும்.

ஒருநாள், "ஆக்டோபஸுக்கு மூணு இதயம்டா. அத்த இந்த கேட்டோட சேரு பாக்கலாம்" என்றான். நான் விழிக்கையிலேயே கதவு எழுந்தது.

"நாளைக்குச் சொல்றேன்டா."

"நாளிக்கு நான் ஏது மச்சான்? வூட்ட காலி பண்ணிகினு ஆம்பூர் போறோம்" என்றவன், விதியை மீறித் தன் பையைத் தானே சுமந்து சென்றான்.

அன்றுமுதல் எந்நூலைத் திறப்பினும் அவ்விணைப்பையே தேடினேன். சென்ற வாரந்தான் கிடைத்தது: நீந்தும்போது அம்மூன்றனுள் ஓர் இதயம் நின்றுவிடுமாம். அதுபோலத்தானே கடவில் வண்டி ஓடுகையில் நம் சாலை நின்றது, சலீம்! இதை வாய்விட்டுச் சொல்லப் பாலத்தின் நடுவே நின்றேன்.

பின்னால் வந்த மூன்றுசக்கரத் தானி ஓட்டுநர் ஒலியெழுப்பினார். "பெர்சு, இன்னா நடுவுல நின்னுகினு கீற? போய்க்கினே இரு."

போய்க்கொண்டே இருந்தேன். கீழே வண்டியும் போய்க்கொண்டிருந்தது. நிற்பதற்கென்று இருந்த இடந்தான் இல்லை.