களத்தில் நிறுத்தாத ஜீப்பு

“களத்து மேல செருப்புக் காலே வெக்க மாட்டோம், நீ ஜீப்ப ஏத்தச் சொல்றயா? உங்கூட்டுல சோறுதானப்பா திங்கறீங்க?”

பாவாத்தாள் இப்படிக் கத்தியது எழுபதுகளில் ஒரு நாள், விவசாய யூனிவர்சிட்டி கேட்டுக்கு உள்ளே. காவலாள் ஆறுச்சாமி கையை விரித்துக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் நின்றார். வெளியாட்கள் வண்டியெல்லாம் எதிரே இருந்த சிமெண்டுத் தரையில்தான் நிற்க வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. அங்கே ஏற்கெனவே இரண்டு கார்கள் வெயிலில் நின்றன. பாவாத்தாளோ புங்கமர நிழலில் ஜீப்பை நிறுத்தி, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு மேற்கே இரண்டு மைலில் அவளுக்கு ஆறு ஏக்கர் கரிசல். புருஷன் பொங்கியண்ணன் செத்துப் பதினொரு வருஷம். அவர் விட்டுப்போனதில் உருப்படி இந்தப் பழைய பட்டாளத்து ஜீப்பு ஒன்றுதான். பெட்ரோலை உறிஞ்சி விற்ற டிரைவரைத் துரத்திவிட்டு, அறுவடை முடிந்த காட்டில் தானே ஓட்டிப் பழகினாள். எழுத்து தெரியாது. ரோட்டோர போர்டுகளைத் திரும்பியும் பார்க்க மாட்டாள்.

அந்த ஆடியில் ஆறு ஏக்கர் நிலக்கடலையும் மஞ்சளாகிவிட்டது. நோவு, உழுதுவிடு என்றார்கள் ஊரில். உழுதால் அந்த வருஷம் போச்சு. மூன்று நாளுக்கு முன் நாலு செடியைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வந்து சேர்வதற்குள் துவண்டு போயின. “வாடுன செடியில ஒண்ணும் தெரியலீங்கம்மா, மண்ணோட பச்சையாக் கொண்டாங்க” என்றுவிட்டார் மண் பார்க்கிற சார். அதனால்தான் இன்றைக்கு ஜீப்பும், இரண்டு கூடையும், மேலே ஈரச் சாக்கும். செக்போஸ்ட்டில் எதையோ தேடிக் கூடைக்குள் கையை விட்ட சோதனைக்காரன் கையெல்லாம் சேறாக எடுத்தான்.

“அன்னைக்கு பஸ்ஸுல வந்தீங்க, வாயே தொறக்கல. ஜீப்புல வந்ததும் இத்தன பேச்சுங்களா?” என்றார் ஆறுச்சாமி.

“அன்னைக்கு நீ களத்த மிதிக்கச் சொல்லலியே.”

“அது களமில்லீங்க, காரு நிறுத்தற எடமுங்க.”

“சிமெண்டு வெடிப்பப் பாரு. சோளம் மொளச்சு நிக்குது. காரா சோளம் சிந்துச்சு?”

ஆறுச்சாமி போய்க் குனிந்து பார்த்தார். விரலுயரத்தில் மூன்று நாற்று இருக்கத்தான் செய்தது. திரும்பி வந்து குரலை இறக்கினார்.

“இந்த நெழலு பெரிய சார் காருக்குங்க. அவரு வந்தா என்னத்தான் பேசுவாரு.”

“அவரு காரு வாடியா போயிரும்? எஞ்செடி வாடிப்போயிரும். வந்தா என்னக் கூப்புடு, நான் பேசிக்கறேன்.”

“அதுக்குத்தானுங்க எனக்குப் பயமே.”

அதற்குள் மண் பார்க்கிற சார் சைக்கிளில் வந்து இறங்கினார். வழக்கைக் கேட்டுச் சிரித்தார்.

“அம்மா சொல்றது சரிதானப்பா. மாசியில அங்கதான் சோளம் காயப்போட்டோம்.”

சாக்கை விலக்கினார். இலைகள் விறைப்பாக இருந்தன. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். உள்ளே போய் ஒரு சின்ன ஆசிட் புட்டியை எடுத்துவந்து, மண்ணாங்கட்டி மேல் நாலு சொட்டு விட்டார். மண் சோடாவைப் போல நுரைத்தது.

“நோவில்லீங்கம்மா. உங்க மண்ணுல சுண்ணாம்பு ஜாஸ்தி. செடிக்கு இரும்புச் சத்து ஏறல. அன்னபேதி உப்புல இரும்பு இருக்குது, அதத் தண்ணியில கரச்சு ரெண்டு வாட்டி தெளிங்க.” அளவும் சொன்னார்.

“உழுவ வேண்டாமுங்களா?”

“வேண்டாம்.”

“உழுவவே வேண்டாமுங்களா?”

“வேண்டாங்கம்மா.”

பாவாத்தாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு ஜீப்பில் ஏறி, ஆறுச்சாமியிடம், “உங்க பெரிய சாருக்கு நெழலு அப்படியே இருக்குது, தேயல” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

போகிற வழியில் பொள்ளாச்சியில் நாட்டு மருந்துக் கடை முன்னால் நிறுத்தி, அன்னபேதி கேட்டாள். சோகைக்கு மருந்தாக அதைத் துளித்துளியாக விற்றே பழகிய கடைக்காரர் சின்னத் தராசை எடுத்தார்.

“யாருக்குங்க சோகை?”

“ஆறு ஏக்கருக்கு.”

தராசை வைத்துவிட்டு உள்ளே போனார். மூட்டையில் இருந்தது பன்னிரண்டு கிலோ. அத்தனையும் வாங்கினாள், பதினைந்து ரூபாய்.