ஒற்றைத் தட்டு

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நெருங்கினால் இப்போதும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். பக்கத்து வீட்டு டிவி கேட்டால் உள்ளே ஓடுவேன். உள்ளேயும் இருப்புக் கொள்ளாது. ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கேபிள் சானலில் மல்யுத்த நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. தங்க வயலில், ஊரிகத்தில் ஒரு பழைய ஹாலில் ரிங் போட்டு, நேரலையாகக் காட்டுவார்கள். யார் ஜெயிப்பது, யார் எப்படித் தோற்பது என்றெல்லாம் முன்னாலேயே எழுதி வைத்திருப்பார்கள். கடைசி மூன்று மாதம் அதை எழுதியவள் நான்.

சானலில் என் வேலை வேறு. திரையின் அடியில் ஓடுகிற வரிகளை டைப் அடிப்பேன். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, சுரங்கக்காரர்களின் வரிசை வீடுகளில் எந்த லைனுக்கு என்றைக்குத் தண்ணீர் வராது என்கிற தகவல். ஆனால் என் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் ஓனரிடமே சொல்லிவிட்டேன்.

"சார், இவங்க இன்னாத்துக்கு அடிச்சிக்கறாங்கன்னே தெரியல. போன வாரம் கெட்டவன், இந்த வாரம் நல்லவன். வாரத்துக்கு ஒரு சாம்பியன். அந்த பெல்ட்டுக்கு இன்னா மரியாத கீது?"

"பேசறது ஈஸிம்மா. நீயே எழுதேன் பாக்கலாம்" என்றார்.

எழுதினேன். ஆறு சண்டைகளை மூன்றாகக் குறைத்தேன். பெல்ட்டை இரண்டு மாதம் ஒருவனிடமே விட்டேன். நடுவில் யாரோ நாற்காலியோடு ஓடிவந்து சண்டையைக் கெடுக்கிற வழக்கத்தை நிறுத்தினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, சண்டை போட ஒரு காரணம் கொடுத்தேன். ஒரே லைனில் வளர்ந்த இரண்டு நண்பர்கள், ஒருவன் மற்றவனை ஏமாற்றிவிட்டான் என்று கதை. நல்லவன் என் தம்பி. ஏமாற்றியவனாக நடித்தது அவனுடைய நிஜ நண்பன், எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவன். ஆள் பீரோ மாதிரி இருப்பான். ஈ எறும்புக்குக்கூட வழிவிட்டு நடப்பான்.

இரண்டு பேருக்கும் பெங்களூரில் ஒரே கிடங்கில் வேலை. விடியற்காலை ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டு போவார்கள். ஞாயிறன்று எந்தப் பிடி, எப்படி விழுவது, யார் எப்போது மூச்சு வாங்குவது என்று பேசி முடிப்பதும் அந்த ரயிலில்தான். அதே பெட்டியில் பாதி தங்க வயல் உட்கார்ந்திருக்கும்.

"பகையாளிங்க ஒரே டப்பால இட்லி துன்னா எவன் நம்புவான்? இனிமே ஆளுக்கொரு பெட்டில ஏறுங்க" என்றேன்.

தம்பி சிரித்தான். நண்பனுக்கு மட்டும் முகம் வாடிப்போனது. ஆனாலும் நான் சொன்னபடியே ஏறினார்கள். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய காரியம். சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டுக்கு மணி அடித்துத்தான் சைகை கொடுப்பார்கள். ஓடுகிற கேஜுக்கு ஒரு தட்டு விழுந்தால் நிறுத்து என்று அர்த்தம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் லைன் வீடுகளில் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆட்டோவை நிறுத்த ஒரு தட்டு. சோறு போதும் என்றால் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு. எங்கள் மல்யுத்தக்காரர்களும் அதையே வைத்திருந்தார்கள். நிஜமாகவே அடிபட்டால் தரையில் உள்ளங்கையால் ஒரு முறை தட்டுவார்கள். எதிராளி உடனே கையை எடுத்துவிடுவான். பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது.

அதை எடுத்து நான் கதையில் வைத்தேன். தம்பி வலி தாங்காமல் ஒரு தட்டு தட்டுவான். நண்பன் அதைக் கேட்டும் நிறுத்த மாட்டான். ஒற்றைத் தட்டை மதிக்காதவனைவிடப் பெரிய பாவி இந்த ஊரில் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

அன்று ஹாலே எழுந்து நின்று கத்தியது. மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு பென்ஷன்காரர், கேஜ் ஓட்டியவராம், சத்தம் போட்டுக்கொண்டே வந்து நின்றார். "அத்த வெச்சி வெளையாடாதம்மா" என்றார். ஆளை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் போனதும் ஓனரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஒரு மனிதருக்கு அவ்வளவு கோபம் வருகிறது என்றால் கதை வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லையா? அடுத்த வாரமும் அதையே வை என்றார் ஓனர். வைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி கேட்டான்: "யக்கா, நெசமா அடிபட்டா இன்னா பண்றது?"

"வாயத் தொறந்து சொல்லு. வாய் கீது இல்ல?" என்றேன். அந்தச் சமயம் எனக்கு மறுநாள் வசனத்தில் ஒரு வரி உதைத்துக்கொண்டிருந்தது, அதுதான் மனதில் ஓடியது.

ஞாயிறன்று நான் காமிராவுக்குப் பக்கத்தில் மடியில் தாளோடு உட்கார்ந்திருந்தேன். தம்பி கயிற்றின் மேலேறிக் குதிக்க வேண்டும். கால் வழுக்கியது. தலைகீழாக, கழுத்து மடங்கி விழுந்தான். கூட்டம் "ஓ" என்றது. கதைப்படி அவன் தட்ட வேண்டியது அதற்கு ஐந்து நிமிஷம் கழித்து. ஆனால் உடனே ஒரு தட்டு தட்டினான்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவசரப்பட்டுக் காட்சியைக் கெடுக்கிறானே, அதற்குள் என்ன அவசரம் என்று பல்லைக் கடித்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் தம்பி கழுத்து ஒடிந்து கிடந்தபோது நான் அவன்மேல் கோபமாக இருந்தேன்.

நண்பன் ஒரு நொடி தயங்கி என் பக்கம் பார்த்தான். ரயிலில் பேசியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் கையை ஆட்டினேன், தொடரு என்று. அவன் குனிந்து தம்பியை இடுப்போடு தூக்கினான்.

அப்போதுதான் தம்பியின் கால்களைப் பார்த்தேன். தூக்கும்போது அவன் எப்போதும் காலை உதைப்பான், அது பார்க்க நன்றாக இருக்கும் என்று நானே சொல்லிக்கொடுத்தது. இப்போது இரண்டு காலும் துணி மாதிரித் தொங்கின. வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. "எறக்குடா! டேய், மெதுவா எறக்குடா!" என்று கத்திக்கொண்டு ரிங்குக்கு ஓடினேன். கயிற்றில் புடவை மாட்டிக் கிழிந்தது. கூட்டம் கைதட்டியது. "அக்காவே வந்துட்டாங்க பாருங்க!" என்று மைக்கில் வர்ணனைக்காரர் குதித்தார். இதுவும் கதை என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

நண்பனுக்கு மட்டும் என் முகம் புரிந்தது. குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் தம்பியை இறக்கினான். பிறகு அந்தப் பெரிய உடம்பு அப்படியே மண்டியிட்டு, "தட்டனான் கா, தட்டனான், நான் உடல" என்று அழுதது. அதற்கும் விசில் அடித்தார்கள்.

தம்பி பிழைத்துவிட்டான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சஸ்பென்ஸ் வைத்து எழுதுகிற ஆசை எனக்கு விட்டுப்போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் கால் விரல் அசைந்தது. இப்போது கைத்தடியோடு நடக்கிறான், நண்பன் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் எனக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் நண்பன் ஏறிக்கொண்டான். தம்பியுடைய இன்சூரன்ஸ் அட்டையை எடுத்து வர நான் வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் ஆட்கள் வாசலில் நின்று, "சூப்பர் கா! பயந்தே போய்ட்டோம்!" என்றார்கள். நான் பயந்தது ஆஸ்பத்திரிக்குக்கூட இல்லை, வீட்டில் அம்மா இருந்தாள்.

தம்பி மல்யுத்தத்துக்குப் போவது அம்மாவுக்குப் பிடிக்காது. முதல் மாதம் சானலை மாற்றிவிட்டுப் படுத்துக்கொள்வாள். நான்தான் பேசிப் பேசிச் சரிக்கட்டினேன். "எல்லாம் நான் எழுதறதும்மா. நான் எழுதாம அவன் மேல ஒரு கீறல் விழாது" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தாள்.

நான் நுழைந்தபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. டிவியில் விளம்பரம் ஓடியது.

"இன்னாடி புடவ கிழிஞ்சி கீது? இன்னிக்கி ஜோரா இருந்திச்சி. எதிர்வூட்டுக்காரி அழுதா பாரு, எனக்குச் சிரிப்புதான். அடியே, எம் பொண்ணு எழுதனது, எந்திரிச்சி வந்துடுவான்னு சொன்னேன். எங்க அவன்? சோறு ஆறிடும்."

நான் பீரோவைத் திறந்து அட்டையைத் தேடினேன். இழுத்த இழுப்பில் காகிதங்களெல்லாம் கீழே கொட்டின. பொறுக்கக் குனிந்தவள் எழவில்லை. "அம்மா, இத நான் எழுதல" என்றேன்.

அம்மா கரண்டியோடு என் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கீழே வந்து உட்கார்ந்து என் கையை இறுகப் பிடித்தாள்.

"நீதான எழுதறே?" என்றாள். "மாத்தி எழுதுடி."