புதுத்தண்ணீர்

எங்கள் நல்லேப்பிள்ளிப் பக்கம் ஆற்றில் முதல் செந்தண்ணீர் வந்தால் ஊரே கரைக்கு வந்துவிடும். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். கைக்குழந்தை இருந்தால் அதன் தலையிலும் தெளிப்போம். வயல்காரர்களுக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. என் வீட்டுக்காரருக்கு அது பைத்தியமே.

அது ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ, வருஷம் சரியாக நினைவில்லை. வேட்டைக்குத் தடை போட்டுக் காவல் வைத்திருந்த மலைக்காட்டில் என் அண்ணன் மாடு கட்டி மரம் இழுத்துக்கொண்டிருந்தான். அவனால் இறங்கி வர முடியவில்லை. ஏழு மாதக் குழந்தையைத் தாய்மாமனுக்குக் காட்ட நாங்களே ஏறினோம்.

வழியில் ஒரு சிற்றாறு. முழங்கால் அளவுதான் தண்ணீர், அடியில் கிடந்த கல்லெல்லாம் தெரிந்தது. மழையும் இல்லை. சோற்று மூட்டையோடு நான் முன்னால் போனேன். நான் அக்கரையில் ஏறவும் தண்ணீர் சிவந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் அப்போதுதான் ஆற்றில் இறங்கியிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“புதுத்தண்ணி புள்ள! பாப்பா தலைல தெளிச்சுட்டு வாறேன்!”

குனிந்தார். மேலே வளைவுக்கு அப்பால் கல் உருளும் சத்தம் கேட்டது. எங்கள் ஊர் ஆறு அப்படிச் சத்தம் போட்டு வராது.

“ஏனுங்க, திரும்பிக் கரையேறுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். மனுஷன் காதில் விழுந்தால்தானே! வேரோடு ஒரு மரம் வளைவில் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் வந்த கரைக்கே பாய்ந்தார். செந்தண்ணீர் அவரை மறைத்தது.

பிறகு எதிர்க்கரைப் பாறைமேல் தெரிந்தார். குழந்தை கையில் இருந்தது. எங்களுக்கு நடுவே ஆறு.

அந்த இரைச்சலில் குழந்தையின் அழுகை கேட்கவில்லை. வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. எனக்குப் பால் கட்டி மார் வலித்தது. பிள்ளை பசியில் துடிக்க, பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டேன். அவரைத் திட்டாத திட்டில்லை.

வெயில் சாய்ந்தபோது அந்த வாயும் அசையவில்லை. குழந்தையைக் காட்டச் சொல்லிச் சைகை செய்தேன். அவர் எழுந்து இரண்டு கைகளாலும் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். தூக்கம் கலைந்து அது காலை உதைத்தது. அதன்பிறகு நான் கேட்காமலேயே கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தூக்கித் தூக்கிக் காட்டினார்.

இருட்டுவதற்குள் தண்ணீர் வடிந்தது. இக்கரைக்கு வந்து குழந்தையை என் மடியில் போட்டார். திட்டுவதை விட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன்.

மறு வருஷம் எங்கள் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது. எல்லோரும் குனிந்து தொட்டுக் கும்பிட்டார்கள். அவர் மட்டும் மேட்டில், நடக்கப் பழகிவிட்ட மகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். இறக்கிவிடச் சொல்லி அவள் வீறிட்டாள். அவர் இறக்கவில்லை.