கருத்துக்கேட்பும் ஒரு கதிரையும்

இன்று படுவான்கரையில், வாவியோரம் இறால் பண்ணை அமைப்பது பற்றி அரசாங்கம் மக்களிடம் கருத்துக் கேட்டது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, எப்பக்கமும் சாராத கண்காணிப்பாளனாகப் போயிருந்தேன்.

ஒரு மீனவர் எழுந்தார். "பண்ணை வந்தா நாங்க எங்க வலை வீசுற?"

பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்த கதிரை அவர் தலையில் இறங்கியது. விழுந்தவரை நாலு பேர் மிதித்தார்கள். தூக்கப் போன என் சட்டையெல்லாம் இரத்தம்.

அவரை ஓட்டோவில் ஏற்றியதும், கூட்டத்தை நடத்திய அதிகாரி மைக்கைத் தட்டினார். "வேற ஆருக்கும் கருத்து இருக்கா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம்."

பிறகு நன்றியுரை, கடிக்கப் பற்றிஸ், குடிக்கப் பிளேன்ரீ.

அதிகாரி என்னிடம் வந்தார். "தம்பி, சுமுகமா முடிஞ்ச எண்டு எழுதுங்க."

சட்டையைக் காட்டினேன்.

"அது தோய்ச்சாப் போயிரும்."

கருத்துள்ளவர்கள் கீழே எழுதுங்கள். இங்கே கதிரைகள் இல்லை.