சித்தப்பா பேயாகப் போன மாலை

எங்கள் பரம்பரையில் பேயாக வேலை பார்த்தவர் சித்தப்பா ஒருவர்தான். அதுவும் ஒரே ஒரு மாலை.

அப்பாவின் தம்பியான அவர் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் வீட்டு பேஸ்மெண்டில் குடியேறிக் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பத்து வயது. ரொறன்ரோவுக்கு வடக்கே, காரில் போகும் தூரத்தில், பழைய சிறைப் பண்ணை ஒன்று இருந்தது. முன்னொரு காலத்தில் கைதிகளைக் கொண்டு மாடு வளர்த்து, முட்டைக்கோவா பயிரிட்ட இடம். சிறையை மூடிய பிறகும் ஊர்க்காரர்கள் அதைச் சும்மா விடவில்லை. ஹலோவீன் பேய்த் திருநாள் வந்தால் அங்கே பேய் காட்டி ரிக்கெற் விற்றார்கள். தண்டனை முடிந்தும் வீட்டுக்குப் போகாத ஆவிகள் அந்தக் கட்டடத்தில் ஏராளம் என்று கதை. மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கைதி, அறைக் கதவுகளின் திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக்கொண்டு நடக்கும் காவலாளி, இப்படிப் பலர். காசு கொடுத்துப் பேய் பார்க்கப் போகிறவர்களை இங்கேதான் கண்டேன் என்று அம்மா தலையில் கை வைத்தார்.

அந்த வருடம் ஆவிகளுக்குத் தட்டுப்பாடு. சூனியக்காரியாக வர எல்லாருக்கும் ஆசை. குளிருக்குள் கம்பிக்குப் பின்னால் குந்தியிருக்க ஒருவரும் இல்லை. அப்பாவோடு வேலை செய்த ஒருவர், ஆள் கிடைக்குமா என்று கேட்டார். அப்பா தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னார். சித்தப்பா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார்.

"மூடின மறியல்தானே அண்ணை, பரவாயில்லை. பேய்க்கு இங்கிலிஷும் தேவையில்லை."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த நாளே வகுப்பில் பறைசாற்றிவிட்டேன். பக்கத்து வரிசை டவுன்ஹவுஸில் இருந்த என் தோழி மட்டும் உதட்டைச் சுழித்தாள். எந்தப் பேய்ப் படத்துக்கும் தான் கண்ணை மூடியதே இல்லை என்பது அவள் பெருமை. நேரில் வந்து பார்ப்பதாகவும், பயம் வராவிட்டால் எல்லாரிடமும் சொல்வதாகவும் சொன்னாள். என் மானம் முழுவதும் இப்போது சித்தப்பாவின் கையில்.

ஆகவே அவருக்கு நானே வாத்தியார் ஆனேன். பின்னேரங்களில் பேஸ்மெண்ட் படியில் இருந்துகொண்டு, விரலை எப்படி மடக்குவது, கண்ணை எப்படி உருட்டுவது என்று காட்டிக்கொடுத்தேன். சித்தப்பா சொன்னபடி செய்தார். ஊளையிடும்போது மட்டும் பாதியில் சிரிப்பு வந்துவிடும். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்க என்ன ஊளை?" என்று மேலேயிருந்து அம்மா சத்தம் போடுவார். சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார். அவர் அப்படிச் சிரித்த நாட்கள் எனக்கு இன்னும் இனிக்கின்றன.

அந்தச் சனிக்கிழமை, பொழுதுபடுகிற நேரம், அப்பாவும் நானும் முதல் கூட்டத்தோடு உள்ளே போனோம். தோழி தன் அம்மாவோடு வந்திருந்தாள். காவலாளி வேடம் போட்ட ஒருவர் எங்களை நீண்ட நடைபாதையில் கூட்டிப்போனார். ஒரு மாலை தலை எண்ணும்போது ஒரு கைதி குறைந்ததாம். அப்போது எண்ணிய காவலாளியின் ஆவி இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறதாம். தோழி கொட்டாவி விட்டாள். கடைசி அறையின் கம்பிக்குப் பின்னால், கட்டிலில் சித்தப்பா குந்தியிருந்தார்.

காவலாளி தடியால் கம்பியில் ஓங்கி அடித்து, எண்ணுவதற்கு எழுந்து நிற்கும்படி கத்தினார். அந்தச் சத்தத்துக்குத்தான் சித்தப்பா ஊளையிட்டுக்கொண்டு பாய வேண்டும்.

அவர் பாயவில்லை. கட்டிலிலிருந்து எழுந்தார். கம்பிக்கு ஓரடி முன்னால் வந்து நின்றார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டினார். வெள்ளை மா பூசிய முகத்தைத் தாழ்த்தி, காவலாளியின் சப்பாத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். என்னைக் கூடப் பார்க்கவில்லை.

காவலாளிக்கே அடுத்த வசனம் மறந்துவிட்டது. என் கையில் தோழியின் நகம் பதிந்தது. "ப்ளீஸ், லெட்ஸ் கோ" என்று அவள் விம்மத் தொடங்கினாள். நான் வென்றுவிட்டேன்.

பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா தட்டவில்லை. நேரே போய்க் கதவின் கொண்டியைத் தூக்கி, சித்தப்பாவின் கையைப் பிடித்தார்.

"இன்னும் ஆக்கள் வர இருக்கினம் அண்ணை."

"வரட்டும். நீ வா."

காரில் எனக்கு மனத்தாங்கல்தான். அத்தனை நாள் பழக்கியதெல்லாம் வீண். ஏன் ஊளையிடவில்லை என்று கேட்டேன்.

"தடிச் சத்தம் கேட்டதும் உடம்பு தன்ர பாட்டில எழும்பிட்டுது குஞ்சு."

"உப்பிடி நடிக்க ஆர் பழக்கினது சித்தப்பா?"

"இஞ்ச கனடாவிலதான் பழகினனான். வன்கூவர் பக்கம்."

"அங்க அக்டிங் கிளாஸ் இருக்கோ?"

சித்தப்பா முகத்து மாவைத் துடைத்துக்கொண்டார். "ஓம். ஒவ்வொரு நாளும் கிளாஸ்தான்."

அப்பா ஹீற்றரைக் கூட்டிவிட்டார். அடுத்த வாரம் சிறைப் பண்ணையிலிருந்து கெஞ்சிக் கெஞ்சித் தொலைபேசி வந்தது. சித்தப்பாவுக்குக் காய்ச்சல் என்று அம்மா சொன்னார். சித்தப்பா அம்மாவின் பக்கத்தில் இருந்து முருங்கைக்காய்க் கறியோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சித்தப்பா இலங்கை அகதிகளின் கப்பலில் வந்தவர் என்பதும், அந்தக் கப்பலில் வந்தவர்களை மேற்குக் கரையில், வன்கூவர் பக்கம், மாதக்கணக்காக மறியலில் அடைத்துத் தினமும் நிறுத்தி எண்ணினார்கள் என்பதும் நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் தெரியவந்தன. 

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, என் சித்தப்பா வன்கூவரில் நடிப்புப் படித்தவர் என்று சொன்னேன். பெரியவளானதும் நானும் அங்கே போய்ப் படிக்கப்போவதாகச் சொன்னேன்.