சாம்பிராணி போட்ட பன்றிகள்

போன வெள்ளிக்கிழமை என் பன்றிகளுக்குச் சாம்பிராணி போட்டேன். சிரிக்காதீர்கள்... இது ஒரு பெண்ணின் கல்யாண விஷயம்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் முதல் நாளே வேலியண்டை வந்து நின்றாள். அவள் மகளைப் பெண் பார்க்கக் கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிறார்களாம். ஏற்கெனவே இரண்டு இடம் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டது.

"யக்கா, இந்த எடமும் போச்சின்னா உன் பன்னிங்கதான் காரணம்!"

"ஏண்டி, தெனம் கழுவிவுட்டு, சவுக்குச் சருகு மாத்திப் போடறேன். உன் எருமைக்கு யாரு போடறா?"

"எருமை நாத்தத்துல பால் கீதுக்கா. பன்னி நாத்தத்துல இன்னா கீது?"

பதில் இருந்தது. ஆனால் ஜன்னலில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. தட்டி கட்ட ஓலை எடுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் கொட்டகையைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டினேன், ஓர் இடுக்கு விடாமல். உள்ளே சட்டியில் தணல் வைத்து, தலைக்கு ஊற்றின குழந்தைக்குப் போடுவது போல் சாம்பிராணி போட்டேன். போதாது என்று கோவிந்தம்மாள் ஒரு முழுப் பொட்டலத்தையும் கொட்டினாள்.

பூட்டின அறையில் புகை போட்டால் நமக்கே மூச்சு முட்டாதா? பன்றிக்கு மட்டும் மூக்கு இல்லையா? நம்மைவிடப் பெரிதாகவே வைத்திருக்கிறான் கடவுள்!

கூடுவாஞ்சேரிக்காரர்கள் வந்து கோவிந்தம்மாள் வாசலில் உட்கார்ந்தார்கள்; நானும் ஓரமாக நின்றேன். பெண் வந்து கும்பிட்டு நிமிர்ந்த நேரம்... தட்டியைப் பிய்த்துக்கொண்டு, தும்மிக்கொண்டே, பன்றிகள் எல்லாம் அங்கேயே வந்துவிட்டன. பெரிய பன்றி நேராக மாப்பிள்ளையின் அம்மா காலடியில் போய்ப் படுத்தது.

கோவிந்தம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த அம்மாளோ குனிந்து மோந்து பார்த்தாள்.

"யாருது இது?"

"என்னுதுதான்" என்றேன், தலை நிமிர்ந்தே.

"இன்னா, சாம்பிராணி வாசனை வருது?"

"பொண்ணு பார்க்க வரீங்களேன்னு போட்டேன்."

மகன் பக்கம் திரும்பினாள். "டேய், பக்கத்து வூட்டுக்காரியே இந்தப் பொண்ணுக்காகப் பன்னிக்குச் சாம்பிராணி போடறா. அப்போ பொண்ணு எவ்ளோ நல்லவளா இருக்கணும்! முடிச்சிடலாம்டா."

அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே தட்டிகளைப் பிரித்து அடுப்பில் போட்டேன். இப்போது எங்கள் முட்டுக்காட்டுக் கடல்காற்று கொட்டகைக்குள் புகுந்து புறப்படுகிறது. நாற்றத்தை மூடினால் வளரும், திறந்துவிட்டால் தன்னால் போய்விடும் — பக்கத்து வீட்டுச் சண்டையும் அப்படித்தான்.

கல்யாணத்தை மட்டும் கூடுவாஞ்சேரியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டாள் சம்பந்தியம்மாள். விவரமான மனுஷி!