பொட்டு வைத்த பெட்டி

செஞ்சியைத் தாண்டி வல்லம் போகும் சாலையோரம், நிலக்கடலைக் கொல்லைக் கிணற்றருகே நிற்கிறோம். நீர்மட்டத்தைப் போனுக்கு அனுப்புவதற்காக, இரு நாட்டுக் கூட்டு ஆராய்ச்சி நிதியில் நாங்கள் பொருத்திய பெட்டி செத்துக் கிடக்கிறது. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் மட்டும் அதன்மேல் பளிச்சென்று இருக்கிறது.

“உங்க பேட்டரி இங்க எங்கயும் கெடைக்கல சார். கொண்டாந்தீங்களா?” என்கிறார் கொல்லைக்குச் சொந்தக்காரரான செல்வி.

“இல்லம்மா. அந்த நிதியில விமான டிக்கெட் எடுக்கலாம். பேட்டரி வாங்க முடியாது.”

“அப்போ இன்னாத்துக்கு சார் வந்தீங்க?”

உடன் வந்திருக்கும் ஜெர்மன் பேராசிரியர், பின்னால் கோட்டை மலை தெரியும்படி குனிந்து பெட்டியைப் படமெடுக்கிறார். அடுத்த நிதி விண்ணப்பத்துக்கு அருமையான அட்டைப்படமாம்.

குங்குமத்தின்மேல் என் நிழல் விழாதபடி ஒதுங்கி நிற்கிறேன்.